குழந்தைக்கு ஆக்சிஜன் வெச்சிட்டாங்களா? பயப்படும் முன் ஹால்டேனின் கதையைக் கேளுங்க

கைக்குழந்தைக்குச் சளி பிடித்து, நெஞ்சு குழி விழ மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வீட்டாரை அதிகம் உலுக்குவது ஊசியும் இல்லை, டிரிப்ஸும் இல்லை. மூக்கில் ஒட்டிவிடும் அந்த மெல்லிய குழாய்தான். ஆக்சிஜன் வெச்சிட்டாங்க என்று போனில் சொன்னால் போதும், ஊரிலிருந்து உறவினர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். ஆக்சிஜன் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் மனதில் அப்படிப் பதிந்துபோயிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கவலையும் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திரையில் 93 என்று எண் ஓடும். ஏன் 100 இல்லை, இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதா என்று நர்ஸைப் பார்க்கும்போதெல்லாம் கேட்போம்.

இந்த இரண்டு கவலைக்கும் பதில் ஒரே மனுஷனின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் ஜான் ஸ்காட் ஹால்டேன். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகும் வழக்கத்துக்குக் காரணமானவர் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆக்சிஜன் சிகிச்சையின் தந்தை என்று மருத்துவ உலகம் அவரைச் சொல்கிறது. அவர் குழந்தை மருத்துவர் அல்ல. ஆனாலும் இன்று குழந்தைகள் வார்டில் ஆக்சிஜன் குழாயைத் திறக்கும்போது கடைப்பிடிக்கும் அடிப்படை விதிகள் அவர் வகுத்த பாதையில் வந்தவைதான்.

முதலில், குழந்தைக்கு என்ன பிரச்சினை?

இரண்டு வயதுக்குள், அதிலும் முக்கியமாக முதல் ஆறு மாதங்களில் வரும் மூச்சுத் திணறலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலுக்குள் காற்றுக் குழாய் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகும். அதன் கடைசி நுனிக் கிளைகள் வீங்கி, உள்ளே சளியும் உதிர்ந்த செல்களும் அடைத்துக்கொள்வதுதான் இந்த நோய். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால் வருகிறது.

பெரியவர்களுக்கு இதே வைரஸ் வந்தால் சாதாரண ஜலதோஷத்தோடு போய்விடும். குழந்தைக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? ஏன்னா, குழந்தையின் குழாய் ரொம்பச் சின்னது. ஒரு குழாயின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். கொஞ்சம் வீங்கினாலே குழந்தை மூச்சுக்காக உடம்பையே போட்டு உலுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நோயை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மருந்துகளும் ஸ்டீராய்டும் இதில் வழக்கமாகக் கொடுக்கப் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. குழந்தையின் உடம்பே வைரஸை விரட்ட வேண்டும். அதுவரை ஆக்சிஜனும் பாலும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகம் பட்ட பாடு பெரிது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் நிற்கிறவர் ஹால்டேன்.

நள்ளிரவில் வீடு வீடாகப் போன டாக்டர்

ஹால்டேன் 1860 மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். வசதியான, படித்த குடும்பம். அண்ணன் ரிச்சர்டு பின்னாளில் பிரிட்டனின் போர் அமைச்சராகவும், லார்டு சான்சலர் என்ற உயர்ந்த பதவியிலும் இருந்தவர். தாய்மாமா ஜான் பர்டன் சாண்டர்சன் ஆக்ஸ்போர்டில் உடலியல் பேராசிரியர். ஹால்டேன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1884-ல் பட்டம் பெற்றார்.

கிளினிக் வைத்து உட்கார்ந்திருந்தால் கவலையில்லாமல் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. மனிதன் மூச்சாக இழுக்கும் காற்றில் என்ன இருக்கிறது? அது எப்போது கெட்டது ஆகிறது?

டண்டீ நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. ஒரே அறையில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் படுத்திருப்பார்கள். ஹால்டேனும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் நள்ளிரவுக்கு மேல் அந்த வீடுகளுக்குப் போனார்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அறையின் காற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்துவந்து அளந்தார்கள். பள்ளிக்கூடங்களின் காற்றையும் விடவில்லை. 1887-ல் வெளியான அந்த அறிக்கை, வீட்டில் அறைகள் குறையக் குறையக் காற்று மோசமாவதையும் சாவு கூடுவதையும் எண்களோடு காட்டியது.

இங்கேயே அவருடைய குணம் தெரிந்துவிடுகிறது. காற்று கெட்டுப்போச்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். எவ்வளவு கெட்டது, எதனால் கெட்டது என்று அளந்தால்தான் மனுஷனுக்குத் தூக்கம் வரும்.

தன் உடம்பே சோதனைக்கூடம்

அடுத்து ஆக்ஸ்போர்டு. ஆட்கள் அடைத்த அறையில் தலைவலி ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள, காற்றுப் புகாத பெட்டிக்குள் தானே உட்கார்ந்துகொண்டார். மூச்சில் ஏதோ மர்ம விஷம் வெளியே வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒன்றும் இல்லை, கூடிப்போகும் கார்பன் டை ஆக்சைடுதான் படுத்துகிறது என்று அவர் காட்டினார்.

பிறகு இன்னும் ஆபத்தான வேலைக்குப் போனார். கார்பன் மோனாக்சைடு வாசனையும் நிறமும் இல்லாத வாயு. அடைத்த அறையில் கரி அடுப்பு எரித்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். இது மனிதனை எப்படிக் கொல்கிறது என்று தெரிய வேண்டும். ஹால்டேன் அதைத் தானே சுவாசித்தார். கண் மங்கி, கால் தள்ளாடி, எழுதும் எழுத்து கோணலாகும்வரை விடாமல் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் தன் ரத்தத்தை எடுத்து அதன் நிறத்தைப் பார்த்தார். அவருடைய ஹீமோகுளோபினில் ஏறக்குறையப் பாதியை அந்த விஷ வாயு பிடித்துக்கொள்ளும்வரை சோதனை நடந்தது. 1895-ல் இதை வெளியிட்டார்.

ரத்தத்தின் நிறத்தை ஏன் பார்த்தார்? ஹீமோகுளோபின் எதைத் தூக்கிக்கொண்டு போகிறதோ, அதற்கேற்ப அதன் நிறம் மாறும். ஆக்சிஜன் இருந்தால் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜன் இல்லையென்றால் கருஞ்சிவப்பு. கார்பன் மோனாக்சைடு என்றால் செர்ரிப் பழச் சிவப்பு. நீர்த்த ரத்தத்தைச் சாயக் கரைசலோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் விரலில் மாட்டும் கிளிப்புக்கும் இதற்கும் உறவு இருக்கிறது.

அதே ஆண்டில் இன்னொரு சோதனை. சுண்டெலிகளைக் கார்பன் மோனாக்சைடு நிறைந்த கலத்தில் வைத்தார். ஆனால் கூடவே இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனையும் ஏற்றினார். ஹீமோகுளோபின் முழுக்க விஷ வாயு பிடித்திருந்தும் எலிகள் பிழைத்தன. ரத்தத்தின் நீரில் கரைந்த ஆக்சிஜனே அவற்றைக் காப்பாற்றிவிட்டது. ஆக்சிஜனைச் சரியாகக் கொடுத்தால் சாவைத் தள்ளிப்போடலாம் என்பதற்கு ஹால்டேன் கண்ணால் கண்ட சாட்சி இது.

சுரங்கத்துக்குள் ஒரு குருவி

1896 ஜனவரியில் தெற்கு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தார்கள். வெடியிலும் தீயிலும்தான் செத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹால்டேன் உடல்களைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார். பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடி அல்ல, அதற்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று தெரிந்தது. பலர் வெடியில் தப்பித்து, நடந்துவந்து, வழியில் விழுந்திருக்கிறார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

அந்த எச்சரிக்கைக்கு அவர் சொன்ன வழிதான் சின்ன உயிர்கள். சின்ன உடம்பு எடைக்கு எடை அதிகமாகக் காற்றை இழுக்கும். அதனால் விஷம் மனிதனைத் தாக்கும் முன் அதைத் தாக்கிவிடும். முதலில் சுண்டெலி, பிறகு கேனரிக் குருவி. குருவி கம்பியிலிருந்து தள்ளாடினால் ஆட்கள் வெளியே ஓடிவிட வேண்டும். பிரிட்டன் சுரங்கங்களில் இந்த வழக்கம் 1986 வரை நீடித்தது.

சின்ன உடம்பு வேகமாக மூச்சு விடும், வேகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும், அதனால் வேகமாகத் தளரும். குருவிக்குச் சொன்னது கைக்குழந்தைக்கும் பொருந்தும். காலையில் பால் குடித்த குழந்தை மாலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைக்கு வருவது இதனால்தான்.

மகனையும் விட்டுவைக்கவில்லை

ஹால்டேனுக்கு 1891-ல் லூயிசா கேத்லீனுடன் திருமணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள். மகள் நவோமி மிச்சிசன் பெயர் பெற்ற எழுத்தாளர். மகன்தான் உயிரியலில் புகழ்பெற்ற ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடியுரிமை பெற்று, 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர்.

இந்த மகனுக்கு அப்பா பாடம் நடத்திய விதமே தனி. ஒருமுறை சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், மீத்தேன் தேங்கியிருந்த இடத்தில் நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பாதியிலேயே பையனுக்குக் கால் மடங்கித் தரையில் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்ததால் தெளிந்துவிட்டான். மீத்தேன் லேசானது, மேலேதான் நிற்கும் என்பதை அவன் வாழ்நாளுக்கும் மறக்கவில்லை. 1906-ல் கடற்படைக்காக ஆழ்கடல் முக்குளிப்பு ஆய்வு நடந்தபோது, 13 வயது மகனையும் முக்குளிப்பு உடையில் இறக்கினார். இன்றைக்குச் செய்தால் அப்பா மேல் கேஸ் போடுவார்கள்.

அந்த ஆய்வில் பிறந்ததுதான் முக்குளிப்பவர்கள் கட்டம் கட்டமாக மேலே ஏற வேண்டும் என்ற விதி. 1908-ல் வெளியான அந்த அட்டவணை எத்தனையோ பேரை முடக்குவாதத்திலிருந்தும் சாவிலிருந்தும் காப்பாற்றியது.

இதற்கு நடுவே 1905-ல் உடலியலையே திருப்பிப்போட்ட ஒரு கண்டுபிடிப்பு. நாம் எவ்வளவு வேகமாக மூச்சு விட வேண்டும் என்பதைச் சாதாரண நேரத்தில் முடிவு செய்வது ஆக்சிஜன் அளவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு என்று ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும் காட்டினார்கள். (ஆக்சிஜனைக் கண்டுபிடித்த ஜோசப் பிரீஸ்ட்லி வேறு, இவர் வேறு.) மூச்சுத் திணறும் நோயாளிக்கு இரண்டு கணக்கு இருக்கிறது, உள்ளே போகும் ஆக்சிஜன் ஒன்று, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு இன்னொன்று என்று டாக்டர்கள் இன்றும் பிரித்துப் பார்ப்பது இதிலிருந்துதான்.

1915: நீலமான முகங்கள்

முதல் உலகப் போர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. மஞ்சள் பச்சைப் புகை காற்றோடு வந்து பதுங்குகுழிகளை நிரப்பியது. என்ன வாயு, என்ன செய்யலாம் என்று பார்த்துவர, போர் அமைச்சர் கிச்சனர் ஹால்டேனை அனுப்பினார்.

அங்கே அவர் பார்த்தது சாதாரணக் காட்சி இல்லை. சிப்பாய்களின் நுரையீரல் நீர் கோத்து வீங்கியிருந்தது. முகமும் உதடும் நீலம் பாரித்து, மூச்சுக்குத் தவித்து, சிலர் மணிக்கணக்கில், சிலர் நாள்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அது குளோரின் என்று உறுதி செய்துவிட்டு ஆக்ஸ்போர்டு திரும்பினார். அங்கே சின்ன அறையில் வாயுவை நிரப்பி, தானும் உடன் இருந்தவர்களும் மாறி மாறி உள்ளே போய், முகமூடிகளைச் சோதித்தார்கள். போர்முனையிலிருந்த மகனும் இதற்காக வரவழைக்கப்பட்டார். இதே சமயத்தில்தான் அண்ணன் ரிச்சர்டை ஜெர்மன் ஆதரவாளர் என்று பத்திரிகைகள் சாடின. 1915 மே மாதம் அவர் பதவியையும் இழந்தார். ஒரு பக்கம் குடும்பத்துக்குத் துரோகிப் பட்டம், இன்னொரு பக்கம் அதே நாட்டின் சிப்பாய்களுக்காக நெஞ்சு எரிய இருமல்.

நீலமான முகங்களுக்கு என்ன செய்வது? ஆக்சிஜன் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் கோளாறு. அந்தக் காலத்தில் சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, முனையில் ஒரு புனலை வைத்து, நோயாளியின் முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். ஆக்சிஜனில் முக்கால்வாசி அறைக் காற்றோடு போய்விடும். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு நிறுத்துவார்கள். மறுபடி நீலமானால் மறுபடி பிடிப்பார்கள். பலன் தெரியாததால், ஆக்சிஜன் என்பது சாகப்போகிறவருக்குக் காட்டும் சடங்கு என்ற எண்ணம் டாக்டர்களிடமே இருந்தது. இன்று நமக்கு இருக்கும் பயத்தின் வேர் இவ்வளவு பழையது.

1917: ஒரு சிலிண்டர், ஒரு குமிழ், ஒரு கணக்கு

1917-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹால்டேன் எழுதிய கட்டுரைதான் ஆக்சிஜன் சிகிச்சையின் திருப்புமுனை. அதில் ஒரு கருவியையும் விவரித்தார். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறியிட்ட குமிழ். ஆக்சிஜன் வீணாகாமல் தேக்கிவைக்கும் பை. முகத்தில் பொருந்தும் முகமூடி. இன்று ஆஸ்பத்திரிச் சுவரில், தண்ணீர்க் குப்பிக்கு மேலே, சின்னக் குண்டு மிதக்கும் கண்ணாடிக் குழாயைப் பார்த்திருப்பீங்க. அதன் மூதாதை இதுதான்.

கருவியைவிடப் பெரியது அதன் பின்னால் இருந்த சிந்தனை. ஆக்சிஜனையும் மருந்தைப் போல அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். தேவை இருக்கும்வரை இடைவிடாமல் கொடுக்க வேண்டும் என்றார். காரணம் எளிது. சாப்பாட்டுக்கு உடம்பில் கொழுப்புக் கையிருப்பு உண்டு. தண்ணீர் இல்லாமல்கூடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆக்சிஜனுக்கு மட்டும் கிடங்கே கிடையாது, கையிருப்பு சில நிமிடம்தான். அதை விட்டு விட்டுக் கொடுத்தால் கொடுத்த பலனும் போய்விடும்.

ஆக்சிஜன் நோயைக் குணப்படுத்தாதே, வெறும் தற்காலிக நிம்மதிதானே என்று கேட்டவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் இதயமும் மூளையும் தளரும், தளர்ந்தால் மூச்சு இன்னும் மோசமாகும், மூச்சு மோசமானால் ஆக்சிஜன் இன்னும் குறையும். இந்தச் சுழலை ஓர் இடத்தில் வெட்டிவிட்டால், உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். ஆக்சிஜன் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான்.

பிராங்கியோலைட்டிஸ் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. இந்த நோய் பொதுவாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை உச்சத்தில் இருக்கும், பிறகு தானாக இறங்கும். அந்தச் சில நாட்களைக் கடத்துவதற்குத்தான் குழாய். கடைசிக் கட்டம் என்று வைப்பதில்லை. கடைசிக் கட்டம் வராமல் இருக்க வைப்பது.

அவரும் தவறினார்

மேதை என்றால் எல்லாமே சரி என்று இல்லை. நுரையீரல் தேவைப்படும்போது ஆக்சிஜனைத் தானாகச் சுரந்து ரத்தத்துக்குள் தள்ளும் என்று ஹால்டேன் நம்பினார். 1911-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், சக ஆய்வாளர்களோடு ஐந்து வாரம் தங்கிச் சோதித்து, அது உண்மைதான் என்று முடிவுக்கு வந்தார். டென்மார்க்கின் க்ரோ தம்பதியும், கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்கிராஃப்டும் அதைத் தவறு என்று காட்டினார்கள். ஆக்சிஜன் அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாகப் பரவுகிறது, அவ்வளவுதான். ஹால்டேன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அளவீட்டைத் தெய்வமாக வைத்திருந்தவரையே பிடித்த கருத்து ஒன்று ஏமாற்றிவிட்டது.

அவர் கற்றுக்கொடுத்ததில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவருக்குப் பின்வந்த தலைமுறை கண்டது. 1940-களில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற இன்குபேட்டர்களில் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். நல்லதுதானே, எவ்வளவு கொடுத்தால் என்ன என்ற எண்ணம். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வசதியும் இல்லை. உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். வளராத விழித்திரையின் ரத்தக் குழாய்களை மிகையான ஆக்சிஜன் கெடுத்துவிட்டது. 1950-களில் காரணம் தெரிந்ததும் பயந்துபோய்க் கடுமையாகக் குறைத்தார்கள். இப்போது ஆக்சிஜன் போதாமல் குழந்தைகள் இறந்தன. கூட்டினால் கண் போகும், குறைத்தால் உயிர் போகும். அளக்காமல் கொடுத்ததுதான் இரண்டுக்கும் காரணம்.

விரலில் மாட்டும் ஹால்டேன்

அந்தக் குறையைத் தீர்த்தது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 1974-ல் ஜப்பானின் டகுவோ அயோயாகி இதன் அடிப்படையைக் கண்டார். விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தினால், துடிக்கும் ரத்தம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதை வைத்து ஆக்சிஜன் சதவீதம் தெரிந்துவிடும். ஹால்டேன் தன் கையைக் குத்தி, ரத்த நிறத்தைக் கண்ணால் பார்த்துப் போட்ட அதே கணக்குதான். இப்போது ஊசி இல்லாமல், நொடிக்கு நொடி, குழந்தையின் காலில் சுற்றிய சின்னப் பட்டையில் நடக்கிறது.

சரி, எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் வைக்க வேண்டும்? இதில்தான் பெற்றோரின் இரண்டாவது கவலைக்குப் பதில் இருக்கிறது. 90-ல் நிறுத்தலாமா, 94 வேண்டுமா என்று டாக்டர்களிடமே கருத்து வேறுபாடு இருந்தது. ஹால்டேன் பிறந்த அதே எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில், பிரிட்டனின் எட்டு ஆஸ்பத்திரிகளில் 615 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிக் குழந்தைகளுக்கு மாட்டிய கருவிகள், உண்மையில் 90 இருக்கும்போது திரையில் 94 என்று காட்டும்படி மாற்றப்பட்டிருந்தன. முடிவு 2015-ல் வெளியானது. இரண்டு பிரிவிலும் இருமல் தீர எடுத்த நாட்கள் ஒன்றே. 90-ஐ எல்லையாக வைத்த குழந்தைகள் பாதுகாப்பாகவே இருந்தார்கள், சீக்கிரம் வீட்டுக்கும் தயாரானார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் தேவை என்கிறது. பிரிட்டன் வழிகாட்டுதல் ஆறு வாரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 90 என்றும், அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் 92 என்றும் எல்லை வைத்திருக்கிறது. எனவே திரையில் 93 ஓடுகிறது, குழந்தை பால் குடிக்கிறது, டாக்டர் ஆக்சிஜனைக் கூட்டவில்லை என்றால் அது அலட்சியம் இல்லை. கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு லிட்டர் போதும். அது போதாதபோது, சூடும் ஈரமும் சேர்த்து, எடைக்கேற்ப அதிக வேகத்தில் கொடுக்கும் ஹை ஃப்ளோ முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,472 குழந்தைகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், இந்த முறையில் தொடங்கிய குழந்தைகளில் சிகிச்சையைக் கூட்ட வேண்டியிருந்தவர்கள் குறைவு என்று தெரிந்தது. சாதாரணக் குழாய் போதாமல் போன குழந்தைகளில் பலரையும் பிறகு இதே முறை மீட்டது. ஆக, எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் பெரிய மெஷின் தேவையில்லை.

எண்ணை மட்டும் பார்க்காதீங்க

ஹால்டேன் கருவிகளை நம்பினார். அதைவிட, எதிரே இருக்கும் ஆளைப் பார்ப்பதை நம்பினார். வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதும் அதுதான். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே உள்வாங்குகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்கவில்லையா, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு இடையிடையே நின்றுபோனாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மிகச் சின்னக் குழந்தையையும் குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் தானாகச் சிலிண்டர் வாங்கி வைத்துத் திறந்துவிடாதீர்கள். அளவு தெரியாத ஆக்சிஜனின் கதையை மேலே பார்த்துவிட்டோம்.

ஹால்டேன் கடைசிவரை வேலையை விடவில்லை. 75 வயதில் பாரசீகத்துக்கும் ஈராக்குக்கும் போனார். எண்ணெய்த் தொழிலாளர்கள் வெயிலில் சுருண்டு விழுவது ஏன் என்று பார்க்கத்தான். திரும்பிவந்ததும் நிமோனியா பிடித்துக்கொண்டது. 1936 மார்ச் 14 நள்ளிரவில் ஆக்ஸ்போர்டில் காலமானார். வாழ்நாள் முழுக்கப் பிறருடைய மூச்சுக்காகத் தன் நுரையீரலைப் பணயம் வைத்தவரின் உயிர் நுரையீரல் நோயில்தான் பிரிந்தது.

அடுத்த முறை ஒரு கைக்குழந்தையின் மூக்கில் அந்தக் குழாயைப் பார்த்தால், கண்ணாடிக் குழாயில் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கோட்டில் நிறுத்தத் தெரிவதற்கு ஒரு டாக்டர் விஷ வாயுவைக் குடித்திருக்கிறார். குழந்தைக்குத் தேவை அந்தக் கோடும், இன்னும் இரண்டு மூன்று நாளும்தான்.